வெறும் தண்ணீரில் ஊறிய நெல்

விதை ஆராய்ச்சி நிலையத்தின் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு விநாடி கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள். எல்லோருக்கும் அவள் நூறு அக்கா. மூட்டைக்குள் கையை விட்டு மூன்று விரலால் ஒரு கிள்ளு நெல் எடுத்து வெள்ளைத் தட்டில் போடுவாள். எண்ணிப் பார்த்தால் நூறு இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிடுவார்கள். எப்போதாவது தொண்ணூற்றொன்பது வந்துவிட்டால், "தட்டுக்கு அடியில ஒண்ணு போயிருக்கும் பாரு" என்பாள். பெரும்பாலும் போயிருக்கும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நிலையத்து வயலில் களை எடுக்க வந்தவள். உள்ளே விதை எண்ணிக்கொண்டிருந்தவர் கண் ஆபரேஷனுக்குப் போனபோது, "ரெண்டு நாளைக்கு மட்டும் வந்து உக்காரும்மா" என்று கூப்பிட்டார்கள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

அவள் உட்காரும் இடம் முளைப்பு அறை. ரயில் பெட்டி மாதிரி நீளமான, குறுகலான அறை. இரண்டு பக்கமும் இரும்பு அடுக்குகள், அவற்றில் தட்டுகள், ஒவ்வொரு அடுக்குக்கும் மேல் டியூப் லைட்டுகள். மூன்றாவது லைட் மட்டும் எப்போதும் முனகிக்கொண்டிருக்கும். நனைந்த காகிதத்தின் வாசனை துணியில் ஏறிவிடும். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போது அந்த வாசனைதான் முதலில் நுழையும்.

எண்ணுவது கைக்கு மட்டும் வந்த பழக்கமாக நிற்கவில்லை. படி ஏறினால் படியை எண்ணுவாள். பேருந்துக்குக் காத்திருந்தால் எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகளை எண்ணுவாள். ஒருநாள் அவள் புருஷன் தலை சீவிக்கொண்டே, "கல்யாணத்தப்ப என் தலையில எத்தனை முடி இருந்துச்சுன்னு எழுதி வச்சிருக்கியா?" என்று கேட்டான்.

"அப்ப எண்ண முடியலை. இப்ப உக்காருங்க, பத்து நிமிஷத்துல எண்ணிடறேன்."

அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. இருந்தது என்றால், இப்போதும் இருக்கிறது. நெல் விளையும் நிலமாக இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு புயலில் கடல், வாய்க்கால் வழியாக ஏறி வந்து ஒன்பது நாள் வயலில் கிடந்துவிட்டுப் போனது. தண்ணீர் போய்விட்டது, உப்பு போகவில்லை. மண் காயும்போதெல்லாம் மேலே வெள்ளை பூத்தது. இரண்டு முறை விதைத்துப் பார்த்தான். முளைக்கும், பச்சை காட்டும், பத்தாம் நாள் வாக்கில் நுனி தீக்குச்சியால் பொசுக்கியது போலச் சுருளும். பதினைந்தாம் நாள் பார்த்தால் வைக்கோல் நிறம். "அந்தப் பதினஞ்சு நாளை மட்டும் தாண்டிட்டா போதும், அப்புறம் அது தன்னால பாத்துக்கும்" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டு ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். போகிற வழியில்தான் வயல். சைக்கிளை விட்டு இறங்க மாட்டான். தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டுப் போவான்.

வயலுக்கு இரண்டு பக்கமும் அவளுடைய அண்ணன் இறால் வளர்த்தான். நடுவில் இந்த ஒன்றரை ஏக்கரும் கிடைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே குளமாகிவிடும். அவன் கெட்டவன் இல்லை. பார்க்கும்போதெல்லாம் கேட்பான், அவ்வளவுதான்.

"மச்சான், அதை வச்சுக்கிட்டு என்னதான் செய்யப் போறீங்க? துணி காயப் போடவா?"

"உங்க இறாலுக்கு நிழல் வேணும்னு வச்சிருக்கேன் மச்சான்."

"ஒரு செடி இல்லை, நிழல் எங்கேர்ந்து வரும்?"

"நான் வந்து நிக்கிறேன்."

சிரிப்பார்கள். ஆனால் குளம் தோண்டி உப்புத் தண்ணீரைக் கட்டிவிட்டால் அந்த மண் மறுபடி நெல்லுக்குத் திரும்பாது என்பது மூன்று பேருக்கும் தெரியும். கடைசியில் அண்ணன் மண் வெட்டும் இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டான். மாதக் கடைசியில் வரும். "அதுவரைக்கும் பொறுங்க மச்சான், அப்புறம் நீங்களே எடுத்துக்கோங்க" என்றான் புருஷன். அவன் பொறுக்கச் சொன்னதற்குக் காரணம் முளைப்பு அறையில் இருந்த பன்னிரண்டு தட்டுகள்.

தட்டுகள் மேடத்தினுடையவை. மேடம் இரண்டு வருஷத்துக்கு முன் கடற்கரை இல்லாத ஒரு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த இளம் விஞ்ஞானி. கொண்டையில் பென்சிலைச் செருகிவிட்டு அந்தப் பென்சிலையே அரைமணி நேரம் தேடுவார். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பார். வீட்டிலிருந்து பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவார். உப்பு நிலத்தில் நாற்றைப் பிழைக்க வைக்க விதையிலேயே ஏதாவது செய்ய முடியுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. தட்டுகளில் பலன் தெரிந்தால் முதல் நாற்றங்காலை நூறு அக்காவின் நிலத்திலேயே போடலாம் என்று சொல்லியிருந்தார்.

அவள் இதைப் புருஷனுக்கு விளக்கியபோது அவன் சட்டைப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

"விதையை மருந்துத் தண்ணியில ஒரு நாள் ஊற வைப்போம். முளை எட்டிப் பாக்கிறதுக்கு முன்னாடி எடுத்துக் கழுவி, நிழல்ல காய வச்சு, பழைய எடைக்கே கொண்டு வந்துடுவோம். அப்புறம்தான் விதைக்கிறது."

"ஊற வச்சதை மறுபடி காய வைக்கிறதா? அதுக்கு ஊற வைக்காமலே இருந்திருக்கலாமே."

"நீங்க குளிச்சுட்டுத் துவட்டிக்கிறீங்களே, அதுக்குக் குளிக்காமலே இருந்திருக்கலாமே."

அவன் ஊசியைக் கீழே வைத்தான். "சரி, சொல்லு."

"அந்த ஒரு நாள்ல விதை உள்ளுக்குள்ள முழிச்சுக்குது. கொஞ்சம் உப்பு என்னன்னு பாத்துக்குது. பின்னாடி நிஜமாவே உப்புல விழும்போது பதறாது. அப்படித்தான் மேடம் சொல்றாங்க."

ஆறு தட்டுக்கு மருந்துத் தண்ணீரில் ஊறிய விதை. ஆறு தட்டுக்கு வெறும் தண்ணீரில் ஊறிய விதை. பன்னிரண்டுக்கும் ஒரே அளவு உப்புத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பதினான்காம் நாள் உயிரோடு நிற்பதை எண்ண வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் கொதிக்க வைத்து ஆவியைப் பிடித்து வடித்த தண்ணீர்; அதற்கென்று சுவரில் ஒரு கண்ணாடிக் கருவி மாட்டியிருந்தது.

விதை ஊற வைக்கும் நாளன்று அந்தக் கருவி கருகிய வாசனையோடு நின்றுபோனது. மேடம் தலைமை அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். வடித்து வைத்திருந்தது மருந்து கரைக்கவே சரியாகிவிட்டது. விதையோ எடை போட்டுக் கிண்ணங்களில் தயாராக இருந்தது. பன்னிரண்டும் ஒரே நேரத்தில் நனைய வேண்டும், முன்பின் ஆனால் கணக்குக் கெடும். நூறு அக்கா யோசித்தாள். டீ போடும் மூலையில் குடிதண்ணீர்ப் பானை இருந்தது. ஒரு தம்ளர் மொண்டு குடித்துப் பார்த்தாள். இனிப்பான தண்ணீர். மனுஷன் குடிக்கிற தண்ணீர் நெல்லுக்கு ஆகாதா என்ன. ஆறு கிண்ணத்திலும் ஊற்றினாள். நோட்டில் 'வெறும் தண்ணீர்' என்று அச்சிட்டிருந்த கட்டத்தில் எப்போதும்போல ஒரு டிக் போட்டாள்.

பதினான்காம் நாள் எண்ணினார்கள். மருந்துத் தட்டுகளில் நூற்றுக்கு எழுபத்துநாலு, எழுபத்தொன்று, எழுபத்தேழு என்று நின்றது. வெறும் தண்ணீர்த் தட்டுகளில் எழுபத்திரண்டு, அறுபத்தெட்டு, எழுபது. மேடம் தன் கையால் இன்னொரு முறை எண்ணினார். அக்கா எண்ணியதை அவர் மறுபடி எண்ணியது அதுதான் முதல் தடவை. பிறகு முக்காலியில் உட்கார்ந்து கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். இந்த முறை தேடவில்லை.

"வித்தியாசம் இல்லை அக்கா. மருந்து ஒண்ணும் பண்ணலை."

"எல்லாமே நல்லாத்தானே நிக்குது மேடம்?"

"அதான் பிரச்சினை. மருந்து இல்லாததும் நிக்குதுன்னா மருந்து எதுக்கு? நான் வச்ச உப்பு போதலையோ என்னவோ."

அன்று வீட்டில் அவள் சொன்னதைப் புருஷன் முழுக்கக் கேட்டான். அந்த வாரம்தான் அவன் வயலில் இறங்கி, நாற்றங்காலுக்கென்று ஒரு மூலையைக் கொத்தி வைத்திருந்தான். எழுந்துபோய் மண்வெட்டியைக் கழுவினான். மண் ஒட்டியிராத இடத்தையும் கழுவினான். பரண்மேல் வைத்துவிட்டு வந்து, "விடு. மச்சான்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றான்.

இரண்டு நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். 'பலன் இல்லை' என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டு ஆராய்ச்சியை முடித்து வைக்க வேண்டும். காவலாளிதான் நிலையத்தில் டீயும் போடுவார். கொண்டுவந்து வைத்தார். அதிகாரி ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"என்னய்யா, சர்க்கரைன்னு நெனச்சு உப்பை அள்ளிப் போட்டுட்டியா?"

"இல்லைங்க ஐயா. சர்க்கரைதான், ரெண்டு ஸ்பூன். நானே போட்டேன்."

"அப்ப தண்ணியைக் கொடு."

தண்ணீரைக் குடித்த அதிகாரியின் முகம் இன்னும் கோணியது. "இதையா தினம் குடிக்கிறீங்க?"

"நல்ல தண்ணிங்க ஐயா. பதினஞ்சு வருஷமா இதேதான்" என்றார் காவலாளி, தன் வீட்டுச் சமையலைக் குறை சொல்லிவிட்டது போல.

வாசலில் பதிவேட்டோடு நின்றிருந்த நூறு அக்கா பதிவேட்டை அங்கேயே வைத்தாள். டீ மூலைக்குப் போனாள். பானையில் மொண்டு குடித்தாள். இனித்தது. அந்த இனிப்புதான் அவளைப் பயமுறுத்தியது. முளைப்பு அறையிலிருந்து உப்பு மீட்டரை எடுத்து வந்து தம்ளருக்குள் விட்டாள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது இரண்டு புள்ளி ஆறில் நின்றது. முனையைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். இரண்டு புள்ளி ஆறு.

கடல் அவர்கள் வயலுக்குள் மட்டும் வரவில்லை. அந்தப் பானையை நிரப்பும் நிலையத்து ஆழ்துளைக் கிணற்றுக்கும் அடியிலிருந்து ஏறிக்கொண்டிருந்திருக்கிறது, வருஷத்துக்குக் கொஞ்சமாக, யாரையும் எழுப்பாமல். குடிக்கிறவர்களின் நாக்குகளும் பழகிப் பழகி அதன் பின்னாலேயே போயிருக்கின்றன. மேடம் பாட்டில் தண்ணீர் குடிக்கிறவர். அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பதினோரு வருஷமாகத் தப்பாத கை என்ற பெயர் அப்படியே இருக்கும். அறிக்கை கையெழுத்தாகும், நிலம் குளமாகும். பானையிலிருந்து அறை வாசல் வரை தரையோடுகளை எண்ணிக்கொண்டே நடந்தாள். பதினேழு. பதினேழாவது ஓட்டில் நின்று, "மேடம், ஒரு நிமிஷம் வெளியில வாங்க" என்றாள்.

சொல்லி முடித்தபோது மேடம் அவளைப் பார்க்கவில்லை, பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை ஏன் அக்கா நோட்டுல எழுதலை?"

"தண்ணின்னு நெனச்சேன் மேடம். தண்ணியைப் பத்தி என்ன எழுதறதுன்னு விட்டுட்டேன்."

"நான் ரெண்டு நாளா தூங்கலை, தெரியுமா?"

"தெரியலை மேடம். தெரிஞ்சிருந்தா அப்பவே நாக்கை அறுத்துப் போட்டிருப்பேன்."

"நாக்கு எதுக்கு, மீட்டர்தான் இருக்கே." மேடம் குனிந்து டீக் கெண்டிக்குள் பார்த்தார். உள்சுவரில் சுண்ணாம்பு அரை விரல்கடைக்குப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினார். அவர் குரல் மாறிவிட்டது. "உப்பும் இருக்கு, சுண்ணாம்புச் சத்தும் இருக்கு. நம்ம மருந்துலயும் பாதி இதுதானே. அப்ப வெறும் தண்ணித் தட்டுன்னு ஒண்ணு நம்மகிட்ட இல்லவே இல்லை அக்கா. ஒருவேளை பன்னண்டுமே மருந்துத் தட்டோ என்னவோ."

உள்ளே போய், "ஐயா, அதுல கையெழுத்துப் போட்டுடாதீங்க" என்றார்.

அதிகாரி முழுவதையும் கேட்டார். கோப்பையை ஒருமுறை பார்த்தார். "அப்ப நான் குடிச்ச டீ வீண் போகலைங்கறீங்க" என்றவர், மறுபடி செய்து பார்க்க மூன்று வாரம் கொடுத்தார். காவலாளியைக் கூப்பிட்டு, முதல் வேலையாக வெளியிலிருந்து குடிதண்ணீர் வரவழைக்கச் சொன்னார்.

மூன்று வாரம் கிடைத்துவிட்டது. ஆனால் இயந்திரம் வர ஒன்பது நாள்தான் இருந்தது. நூறு அக்கா நேராக அண்ணனின் குளத்தங்கரைக்குப் போனாள். அவன் முழங்கால் வரை நனைந்து வலையை உதறிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மெஷினை மூணு வாரம் தள்ளி வை."

காரணத்தைக் கேட்டுவிட்டு அவன் வலையை அப்படியே விட்டுவிட்டுச் சிரித்தான். "தண்ணியில உப்பு இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு ஆராய்ச்சி நிலையம், அதுக்கு ஒரு பெரிய அதிகாரி. எங்கிட்ட ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"நீயும் அங்க வந்து டீ குடிச்சிருக்கே. அப்ப சொன்னியா?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "நல்லாத்தானே இருந்துச்சு" என்றான் மெதுவாக. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னையிலேர்ந்து மூணு வாரம். இருபத்திரெண்டாவது நாள் வண்டி இறங்கிடும். எண்ணிக்கோ."

"எண்ணிக்கிறேன்."

"அதுல மட்டும் உன்னை யாரும் மிஞ்ச முடியாது."

இந்த முறை வடித்த தண்ணீரை மேடம் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு கல்லூரியிலிருந்து கேன்களில் பேருந்தில் கொண்டுவந்தார். மடியில் ஒன்று, காலடியில் இரண்டு. நடத்துனர், "ஊர்ல தண்ணி இல்லையாம்மா?" என்று கேட்டாராம். மூன்று வகையாக ஊற வைத்தார்கள்: வடித்த தண்ணீர், மருந்துத் தண்ணீர், பானைத் தண்ணீர். நூறு அக்கா நோட்டில் எல்லாவற்றையும் எழுதினாள். எந்தக் கேன், எந்தப் பானை, மீட்டர் என்ன சொன்னது, மணி என்ன. எழுத இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள்.

ஊற வைத்து, கழுவி, நிழலில் காய வைத்து எடை பார்த்தபோது இரண்டு நாள் போயிருந்தது. பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. எட்டாம் நாள் வரை எல்லாத் தட்டும் ஒரே பச்சை. ஒன்பதாம் நாள் காலை லைட்டைப் போட்டபோது வடித்த தண்ணீர்த் தட்டுகளில் நுனிகள் சுருளத் தொடங்கியிருந்தன. வயலில் இரண்டு முறை பார்த்த அதே பொசுங்கல். அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை. "மன்னிச்சுக்கோங்க" என்று அந்தத் தட்டுகளிடம் வாய்க்குள் சொன்னாள்.

பதினான்காம் நாள் மேடம் மறுபடி எண்ணவில்லை. அக்கா சொல்லச் சொல்ல எழுதினார். வடித்த தண்ணீர், நூற்றுக்கு முப்பத்தெட்டு. பானைத் தண்ணீர், அறுபத்தேழு. மருந்துத் தண்ணீர், எழுபத்தைந்து.

"இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா."

"ஏன் மேடம், எழுதிட்டீங்களே."

"எழுதிட்டேன். கேக்கறதுக்கு நல்லா இருக்கு."

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது வாசனைக்கு முன்னால் அவள் முகம் நுழைந்திருக்க வேண்டும். புருஷன் முக்காலியைப் போட்டு ஏறிப் பரண்மேலிருந்து மண்வெட்டியை இறக்கினான். அண்ணன் கொடுத்த கெடுவில் பதினெட்டாம் நாள் அவனிடம் போய், "நிலத்தை இப்பக் குடுக்கறதா இல்லை மச்சான்" என்றான். அண்ணன் வலையைப் பார்த்துக்கொண்டே, "நிழல்ல நிக்கப் போறீங்களாக்கும்" என்றான். இயந்திரம் இருபத்திரண்டாம் நாள் வந்து, அண்ணனுடைய பழைய கரையைப் பலப்படுத்திவிட்டுப் போனது.

மருந்துத் தண்ணீரில் ஊறிக் காய்ந்த விதையைப் புருஷன் கொத்தி வைத்திருந்த மூலையில் விதைத்த பதினைந்தாம் நாள், அவளும் புருஷனும் அண்ணனும் வரப்பில் நின்றார்கள். வாய்க்காலை ஒட்டி ஒரு பாய் அகலத்துக்குப் பொசுங்கிப் போயிருந்தது. மற்றதெல்லாம் நின்றது. அடர்த்தி என்று சொல்ல முடியாது. ஆனால் காற்றடித்தால் ஒரே பக்கம் சாய்கிற அளவுக்கு இருந்தது. நிலையத்திலிருந்து கொண்டுவந்த ஓரடிச் சதுரக் கம்பிச் சட்டத்தை அவள் நாற்றுக்கு மேல் வைத்தாள்.

"நான் எண்ணறேன்" என்றான் புருஷன்.

சேற்றில் குந்தி, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். அறுபதில் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தான். கடைசியில் நிமிர்ந்து, "சரியா நூறு" என்றான்.

"தொண்ணூத்தாறு."

"ஒரு நாலு விட்டுக் கொடுக்கக் கூடாதா? கட்டின புருஷன் கேக்கறேன்."

"கட்டின புருஷனுக்கு வேணா குடுக்கலாம். நோட்டுக்குக் குடுக்க முடியாது."

தொண்ணூற்றாறு என்றே எழுதினாள். அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வேறெங்கோ பார்த்தபடி, "எங்க குளத்துக் கரைக்கு வெளியில ஒரு கால் ஏக்கர் சும்மாத்தான் கிடக்கு. இந்த விதை ஒரு படி கிடைக்குமா?" என்றான்.

"முதல்ல அந்த எடத்துத் தண்ணியை ஒரு பாட்டில்ல கொண்டா. மீட்டர்ல பாக்கணும்."

"வாயில வச்சுப் பாத்துச் சொல்றேனே."

"யாரு, நீயா?" என்றாள்.

புருஷன் வரப்பில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு அவளிடம் நீட்டினான். வாங்கிக் குடித்தாள். தொண்டையில் இறங்கும்வரை கவனித்துப் பார்த்தாள். அவளுக்கு அது இன்னும் இனிப்பாகத்தான் இருந்தது. நாளைக்கு இதிலும் ஒரு தம்ளர் நிலையத்துக்கு எடுத்துப்போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, மிச்சத்தை மூடி, பையில் வைத்தாள்.